மரம் துளிர்த்தபோது மாமா பந்தியில் இருந்தார்

என் சேகர் மாமா பொய் சொல்கிறார். ஒரு முறை இரண்டு முறை அல்ல, ஐந்து வருடமாகச் சொல்கிறார். கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா என்று எங்கே நாலு நாற்காலியை வட்டமாகப் போட்டாலும் அந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறார்.

"பொண்ணு தெரைக்குப் பின்னால உக்காந்து அழுதுக்கினு இருந்தா. நான்தான் போயி, யம்மா சத்யா, அந்தக் கழித்தல எடுத்துட்டு கூட்டலப் போடுன்னேன். போட்டா. மரம் துளுத்துச்சி."

கேட்கிறவர்கள் அவரைக் கம்ப்யூட்டர் படித்த மனிதரைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். என் மாமாவுக்குப் போனில் அலாரம் நிறுத்தத் தெரியாது. எப்போதோ தவறாக வைத்த அலாரம் இன்றும் தினமும் மதியம் மூன்று மணிக்கு அடிக்கிறது. அந்த மனிதர்தான் எனக்குக் கழித்தலும் கூட்டலும் சொல்லிக் கொடுத்தாராம்.

நான் அழவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். (கண்ணு கலங்கிச்சி. அது வேற, அழுவுறது வேற.)

நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். இதில் என் மானமும் சேர்ந்து போகும். போகட்டும். அவருடையதும் போகும் என்றால் எனக்குச் சம்மதம்.

என் தொழில் என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இதுவரை யாருக்கும் ஒரே தடவையில் புரிந்ததில்லை. பெரிய வெள்ளைத் திரையில் ப்ரொஜெக்டரால் படம் போடுகிறேன். அந்தப் படம் சும்மா ஓடாது. முன்னால் நிற்பவரை ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், அவர் பேசுவதை ஒரு மைக் கேட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் கையை அசைத்தால் படத்தில் கிளை அசையும். பேசினால் நிறம் மாறும். நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் படமும் எதுவும் செய்யாது. அவ்வளவுதான். இதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "சத்யா மரம்".

வளவனூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். கரும்பு, ஊடே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. என் அப்பா முப்பது வருடமாக பம்ப்செட் ஓடும்போதே அடுத்த கழனியில் நிற்பவரோடு பேசிப் பழகியவர். மோட்டார் நின்ற பிறகும் குரல் இறங்காது. அம்மா சமையலறையிலிருந்து தெருமுனைக் கடைக்கு உப்பு சொல்லுவாள், உப்பு வந்துவிடும். போன் செய்ய மாட்டாள். அம்மாவின் தம்பிதான் சேகர் மாமா. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். "திண்டினம் திண்டினம் திண்டினம்" என்று அவர் கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் இருப்பவர்கள் மட்டும் அல்ல, திண்டிவனத்தில் இருப்பவர்களே திரும்பிப் பார்ப்பார்கள் என்று சொல்வார்கள். (வ எழுத்து அவரு பஸ்ல எப்பவுமே ஏறுனது கெடையாது.)

இந்தக் குடும்பத்தில் பிறந்த நான், புதுச்சேரியில் பில் அடிக்கும் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, குயிலாப்பாளையம் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் இந்தக் கலையைக் கற்றுக்கொள்ளப் போனேன். ஆறு மாதம். அங்கே யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். டம்ளரைக்கூடத் தூங்குகிற குழந்தையைக் கீழே விடுவதுபோல வைப்பார்கள். நாய்கூட ஒரு முறை யோசித்துவிட்டுத்தான் குரைக்கும். முதல் வாரம் நான் ஒரு தும்மல் போட்டேன். மூன்று பேர் வந்து நலம் விசாரித்தார்கள்.

ஆறு மாதத்தில் நான் கெட்டுப்போனேன். கறுப்புக் குர்த்தா மட்டுமே போட ஆரம்பித்தேன். வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தேன். சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்தால், "ஏம்மா இப்படிக் கத்துறீங்க" என்று ஆரம்பித்து, "நம்ம ஆளுங்களுக்கு மௌனம்னா இன்னான்னே தெரியாது" என்று முடிப்பேன். அந்த நாளைய சத்யாவை இன்று பார்த்தால் குர்த்தாவைப் பிடித்து இழுத்து இரண்டு அறை விடுவேன்.

அந்தச் சத்யா ஒரு மரம் செய்தாள். "மௌனத்தின் மரம்" என்று பெயர் வைத்தாள். (எழுதும்போதே கூசுது.) முன்னால் அமைதியாக நின்றால் மரம் ஒவ்வொரு இலையாக விடும். மெதுவாகப் பேசினால் இலைகள் நிறம் மாறும். சத்தம் போட்டால் இலை கொட்டும். கையைத் தூக்கி அப்படியே வைத்திருந்தால் திரையில் உங்கள் உருவத்தின் கையில் ஒரு குருவி வந்து உட்காரும். எவ்வளவு சத்தத்தைச் சத்தம் என்று எடுத்துக்கொள்வது என்பதற்கு அந்த ஸ்டூடியோவில் அளவெடுத்தேன். அங்கே ஒருவர் உற்சாகமாகப் பேசினால் எவ்வளவோ, அதுதான் உச்சம் என்று பதிவு செய்தேன். அதற்கு மேல் ஒரு மனிதக் குரல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தாறு வருடம் வளவனூரில் வளர்ந்தவளுக்குத் தோன்றவில்லை.

எச்சரிக்கை வராமல் இல்லை. ஒரு நாள் வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். மரம் நிறைய இலை. சமையலறையிலிருந்து அம்மா, "சாப்புட வர்றியா இன்னா?" என்றாள். மரம் மொட்டை. நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டுப் புத்தகத்தில் "மைக் கோளாறு" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அந்தச் சமயத்தில் என் தங்கை மோனிகாவுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கம் முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மாமாவும் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள்.

"இது இன்னா வேலம்மா?" என்றார் அப்பா.

"கலைப்பா."

"சரி, கலை. யாரு பாப்பாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் சேகர் மாமா அப்பாவைப் பார்த்து, "எவனாவது வந்து கைய ஆட்டிட்டுப் போவான் மாமா. கைய ஆட்டுறத்துக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஆறு மாசம். எங்க பஸ்ஸப் பாத்து டெய்லி எரநூறு பேரு கைய ஆட்டுறான், நிறுத்தக்கூட மாட்டோம்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். விழுப்புரத்தில் குரூப் ஃபோர் பரீட்சைக்குச் சொல்லிக் கொடுக்கும் இடத்தின் சேர்க்கை ஃபாரம். என் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் அவர் கையாலேயே நிரப்பியிருந்தார். என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

அப்பா சண்டைக்காரர் அல்ல. சத்தக்காரர், அவ்வளவுதான். யோசித்துவிட்டுச் சொன்னார். "மோனி ரிசப்சன்ல அந்த மரத்த வெய்யி. நாலு பேரு பாக்கட்டும். நல்லா இருந்துச்சின்னா உன் வழியில போ, நான் கேக்க மாட்டேன். இல்லன்னா மறுவாரம் ஃபாரத்துல கையெழுத்துப் போடு."

"போடுறேன்பா" என்றேன். மாமா ஃபாரத்தை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நான் பத்தரமா வெச்சிருக்கேன். மண்டபத்துக்கே எடுத்தாந்துடறேன். உனக்கு வேல மிச்சம்" என்றார்.

அந்த ஃபாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்து மண்டபத்தில் காலையிலேயே போய் வேலையை ஆரம்பித்தேன். மேடையில் பூ அலங்காரத்துக்குப் பதிலாக என் வெள்ளைத் திரை. பின்னாலிருந்து ப்ரொஜெக்டர், அதன் பக்கத்தில் லேப்டாப்போடு நான். மேடைக்கு எதிரே உத்தரத்தில் கேமரா. பெண்ணும் மாப்பிள்ளையும் திரைக்கு முன்னால் நின்றால் திரையில் மரத்தடியில் அவர்கள் உருவம் பூங்கொடியால் வரைந்ததுபோலத் தெரியும். மோனிக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்காகப் பாட்டுக் கச்சேரியைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பதில் காதில் விழுந்தும் விழாத வீணை இசை ஒன்றை நான் போட்டேன்.

இதோடு விட்டிருக்கலாம். நான் ஒரு பலகையும் வைத்தேன். வாசலில், பன்னீர்ச் சொம்புக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில்.

"தயவுசெய்து மெதுவாகப் பேசவும். மரம் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது."

கல்யாண மண்டபத்தில்.

மாமா அதை இரண்டு தரம் படித்தார். "இன்னாடி இது, ஆஸ்பத்திரி வார்டா? யாருக்கு ஆப்பரேசன்?" என்றார்.

"மாமா, உங்களுக்குப் புரியாது."

"எனக்குப் புரியாது, செரி. மரத்துக்குப் புரியுமா?"

இன்று யோசித்தால் அன்றைக்கு மண்டபத்தில் அறிவோடு கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். ஆனால் அன்று நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

ஆறரை மணிக்கு வந்த பத்துப் பதினைந்து பேர் முன்வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தார்கள். மரம் இலை விட்டது. ஒரு குழந்தை கையைத் தூக்கியது, குருவி வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், பட்டுப்புடவையும் பெரிய கண்ணாடியுமாக, "ஜோரா இருக்குதே" என்றார். திரைக்குப் பின்னால் நான் என் ஃபாரத்தைக் கிழித்துப் போட்டாயிற்று என்றே நினைத்தேன். என் வெற்றி சுமார் அரைமணி நேரம் நீடித்தது.

ஏழு மணிக்கு மேடையில் போட்டோ வரிசை ஆரம்பித்தது. இங்கே நான் செய்த முதல் தப்பைச் சொல்ல வேண்டும். அசையாமல் இருக்கும் பொருளைக் கேமரா கண்டுகொள்ளக் கூடாது என்று எழுதியிருந்தேன். நாற்காலி, தூண், குத்துவிளக்கு எல்லாம் பூங்கொடியாகத் தெரிந்தால் நன்றாக இருக்காது அல்லவா? அதனால் பத்து விநாடி அசையாமல் இருப்பது எதுவும் சாமான் என்று கணக்கு. ஸ்டூடியோவில் எல்லாரும் கையை விரித்துக் கழுத்தைச் சாய்த்து ஏதாவது செய்துகொண்டே இருந்தார்கள். அங்கே பிரச்சினை வரவில்லை.

நம் மக்கள் போட்டோவுக்கு எப்படி நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கையைத் தொடையோடு ஒட்டி, மூச்சை அடக்கி, வாக்காளர் அட்டையில் இருப்பதுபோல நிற்பார்கள். வீடியோக்காரர் வேறு, "அப்டியே நில்லுங்க, ஆடாதீங்க" என்பார். பத்து விநாடி ஆனது. மோனி மங்கினாள். மாப்பிள்ளை மங்கினார். கூட நின்ற ஆறு பேரும் மங்கினார்கள். திரையில் மரம் மட்டும் இருந்தது. என் கம்ப்யூட்டர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நாற்காலிக் கணக்கில் சேர்த்துவிட்டது.

"இன்னாது, மாப்ள மறைஞ்சிட்டாரு?" என்று அந்த அத்தையின் குரல் கேட்டது. "ஜோரா" சொன்ன அதே குரல். அந்தக் குரல் கேட்டு முதல் நாலு இலை கொட்டியது.

நான் பின்னாலிருந்து, "அசையுங்க, அசையுங்க" என்று கிசுகிசுத்தேன். வீடியோக்காரர் முன்னாலிருந்து "ஆடாதீங்க" என்றார். மோனி நடுவில் நின்று இடுப்பை மட்டும் கொஞ்சம் ஆட்டினாள். திரையில் ஒரு இடுப்பு மட்டும் வந்தது. அதைப் பற்றி மேலே எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இதற்குள் மண்டபம் நிறைந்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்கள் வளவனூர், கண்டமங்கலத்திலிருந்து வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். பலகையை யாரும் படிக்கவில்லை. பல வருடம் கழித்துப் பார்த்த சொந்தக்காரர்களை எதிர் வரிசையிலிருந்தே நலம் விசாரித்தார்கள். இலை கொட்ட ஆரம்பித்தது. பத்துப் பத்தாகக் கொட்டியது. நான் லேப்டாப்பில் எதைத் தொட்டாலும் பலன் இல்லை. அளவு எல்லாம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

அப்போதுதான் சேகர் மாமா மேடை ஏறினார். தாய்மாமன். பெண்ணை வாழ்த்தாமல் இருக்க முடியாது. வாழ்த்துவதற்கு அவருக்கு மைக் தேவையே இல்லை. ஆனால் யாரோ ஒரு படுபாவி கையில் கொடுத்துவிட்டான்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார் மாமா.

மரம் மொட்டை. ஒரு இலை மிச்சமில்லை. அதோடு நிற்கவில்லை. இலை தீர்ந்த பிறகும் சத்தம் வந்தால் என்ன செய்வது என்று நான் எழுதி வைக்கவில்லை. கம்ப்யூட்டர் அதுவாகவே யோசித்துக் கிளைகளைக் கழித்தது. "எங்கக்கா மக மோனிகா" என்றபோது பெரிய கிளைகள் போயின. "பதினாறும் பெத்து" என்றபோது நடுமரம் மட்டும் கருகிய கம்பமாக நின்றது. மாப்பிள்ளையும் பெண்ணும் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்ததால் அவர்களும் இல்லை.

மாமா திரும்பிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டார். மைக்கை நாற்காலியில் வைத்தார். இறங்கினார். எந்தப் பக்கம் போனார் என்று அப்போது யாரும் கவனிக்கவில்லை.

முன்வரிசையில் அந்த அத்தை எழுந்து நின்றார். "நாளைக்கிக் காலையில முகூர்த்தம். இன்னிக்கிப் பட்ட மரத்துக்கு முன்னால நிக்க வெச்சிருக்கீங்களே. யாரு ஏற்பாடு இது?" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ப்ரொஜெக்டரை அணைக்கக் கை கொண்டுபோனேன். அணைத்தால் முடிந்தது. மறுவாரம் கையெழுத்து.

அணைப்பதற்குள் அப்பா அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

திரை ஓரத்தில் இருந்த இடைவெளி வழியாகப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் போய்ப் பலகையைக் காட்டினார். வாயைத் திறக்கவில்லை. விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையில் பலகையோடு, பெண்ணைப் பெற்ற மனிதர் மண்டபம் முழுக்க நடந்தார். கத்தவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் எங்கள் சனம் அடங்கியது. குழந்தைகளின் வாயைப் பொத்தினார்கள். நானூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பத்தைப் பார்த்தார்கள். கம்பத்தில் ஒரு கிளை வந்தது. கிளையில் ஒரு இலை வந்தது. கடைசி வரிசையில் யாரோ தும்மினார்கள். இலை போயிற்று. தும்மியவரை நானூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி மூச்சைப் பிடித்தார்கள்.

அப்பா திரைக்குப் பின்னால் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, திருடன் மாதிரி நுனிக்காலில் வந்தார். என் காதருகே குனிந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் அடக்கி வெச்சா வந்துடுமாம்மா?"

அப்பா கிசுகிசுத்து நான் கேட்டதே இல்லை. அந்தக் குரலுக்குக் கிசுகிசுக்கத் தெரியவில்லை. பாதிச் சொல்லில் காற்று மட்டும் வந்தது. தொண்டை நரம்பு புடைத்திருந்தது. கரும்புக் கழனியில் நிமிர்ந்து நின்று பேசுகிற மனிதர், பெரிய மகளுக்காக, சின்ன மகளின் கல்யாணத்தில் திருடன் மாதிரி நிற்கிறார். வெளியே நானூறு பேர் எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருக்கிறார்கள். என் மரம் நான் சொன்னபடி வேலை செய்துகொண்டிருந்தது. அதுதான் அசிங்கமாக இருந்தது.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். கறுப்புக் குர்த்தாமீது கோபம்.

"அடக்காதீங்கப்பா" என்றேன். "நீங்க ஒண்ணும் அடக்க வேணாம்."

லேப்டாப்பைத் திறந்தேன். ஆறு மாதம் செய்த வேலை முழுக்க ஒரு வரியில் நின்றது. சத்தம் ஏறினால் இலை குறையும். அந்த வரியில் ஒரு கழித்தல் குறி. அதை அழித்துக் கூட்டல் குறி போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தில் அப்பா மட்டும் இருந்தார். இதை மறுபடி சொல்கிறேன். பக்கத்தில் அப்பா மட்டும் இருந்தார்.

மேடைக்கு ஓடி வந்து மைக்கை எடுத்தேன். "எல்லாரும் பேசுங்க. கத்துங்க. எவ்ளோ சத்தம் வேணும்னாலும் போடுங்க" என்றேன். பலகையைப் பார்த்து அடங்கிய சனம் என்னை நம்பவில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது அமைதிக்கு இலை கொட்டும் என்பதால், என் குரலுக்கு வந்த இரண்டு இலையோடு இருந்த ஒற்றைக் கிளையும் போயிற்று. அத்தை கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

கத்தியது மோனி. நகையும் மாலையுமாகத் தலைகுனிந்து நிற்க வேண்டிய பெண், இரண்டு கையையும் மேலே தூக்கி, எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று என்னைக் கூப்பிடும் அதே குரலில், "யக்கா" என்று ஒரு கத்துக் கத்தினாள். திரையில் அவள் உருவம் திரும்பி வந்தது. கம்பத்தில் கிளை வெடித்தது. மாப்பிள்ளை ஒரு விநாடி அவளைப் பார்த்தார். பிறகு அவரும் கையைத் தூக்கி, "யக்கா" என்றார். (எனக்கு அவரு ஏதோ மொற சொல்லிக் கூப்புட்டது அதான் மொதல்.) அவர் தலைக்கு மேலும் கிளை வந்தது.

அதற்குமேல் நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அம்மா உப்புக் கேட்கிற குரலில் வாழ்த்தினாள், இலை. கண்டமங்கலத்து வேன் முழுக்க எழுந்து நின்று கத்தியது, இலை இலையாக வந்தது. அப்பா திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து பம்ப்செட் குரலில், "மோனி, நல்லா இரும்மா" என்றார். அந்த ஒரு குரலுக்கு வலது பக்கம் முழுக்கப் பச்சை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. திண்டிவனம் என்ன விழுப்புரத்துக்குக் குறைச்சலா என்று அவர்கள் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணாடி அத்தை நாற்காலியில் ஏறி நின்று குலவையிட்டார். வீணை இசை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

இந்தச் சத்தம் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்கு எட்டியது. மாடிப்படியில் தடதடவென்று ஒருவர் ஏறி வந்தார். சேகர் மாமா. வாசலில் நின்று மரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். வலது கையைத் தூக்கி, "திண்டினம் திண்டினம் திண்டினம்" என்றார்.

மரம் பூத்தது. ஒரு கிளை பாக்கியில்லாமல் பூத்தது. இலை முழுக்க நிறைந்த பிறகு வரும் பூவுக்கு நான் வைத்திருந்த அளவை ஸ்டூடியோவில் யாரும் தொட்டதே கிடையாது. அப்படி ஒன்றை எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. மாமா கையைத் தூக்கியபடியே மேடைக்கு வந்து நின்றார். திரையில் அவர் கையில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. கைதட்டல் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதைக் கேட்டு மரம் பூத்துக்கொண்டே இருந்தது.

இதை நான் மறைக்கவில்லை. பூ அவருடையதுதான். யார் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் குறி என்னுடையது.

இனி அந்தக் கை. தூக்கிய கையில் மணிக்கட்டுவரை சாம்பார் சாதம். நான் பார்த்தேன், மோனி பார்த்தாள், ஒரு போட்டோவும் இருக்கிறது. குருவி சாதத்துக்கு வந்ததுபோலவே இருக்கும். மாமா அப்போதுதான் கையைக் கவனித்தார். மேடையில் தண்ணீர் இல்லை. சட்டைப் பையில் விரலை விட்டு, மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லாம் துடைத்து, கசக்கி மேடைக்குக் கீழே எறிந்தார். அந்தக் காகிதம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. இன்று அவர் சொல்லும் கதையில், "அவ தெறமையப் பாத்துட்டு ஃபாரத்த என் கையாலயே கிழிச்சிப் போட்டேன்" என்று வருகிறது. அவர் கிழிக்கவில்லை. துடைத்தார்.

அப்பா அதற்குப் பிறகு குரூப் ஃபோர் பற்றிப் பேசவே இல்லை. மறுநாள் முகூர்த்தம் முடிந்து சாமான்களைக் கட்டும்போது திரையின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். "வண்டியில பாத்து வெய்யிம்மா, கசங்கிடப் போவுது" என்றார். பாதி மண்டபத்துக்குக் கேட்டது. கண்ணாடி அத்தை தன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு மரம் வேண்டும் என்று அங்கேயே நாள் குறித்தார். அதுதான் என் முதல் வெளிவேலை. அப்புறம் பள்ளிக்கூட ஆண்டுவிழா, கண்காட்சி, பக்கத்து மாவட்டங்கள் என்று ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். போன வருடம் நான் படித்த அந்த ஸ்டூடியோவிலேயே கூப்பிட்டு வைக்கச் சொன்னார்கள். வந்தவர்கள் வழக்கம்போல மெதுவாகப் பேசினார்கள். மரம் மொட்டையாக நின்றது. நான் வாசலில் ஒரு பலகை வைத்தேன்: "தயவுசெய்து கத்தவும்." முதலில் தயங்கினார்கள். அரைமணி நேரத்தில் அவர்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

எங்கள் வீட்டில் யாராவது குரலைத் தாழ்த்தி எதையாவது மறைத்துப் பேசினால், உடனே யாராவது ஒருவர் "இலை கொட்டுது" என்பார். மோனியின் புகுந்த வீட்டிலும் அதையே சொல்கிறார்களாம். வெளியாட்கள் அண்ணாந்து மரம் எங்கே என்று பார்ப்பார்கள்.

மாமா கதைக்கு வருகிறேன். போன மாதம் மோனி வீட்டில் கல்யாண வீடியோவை முழுதாகப் போட்டுப் பார்த்தோம். மேலே மண்டபத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்த நேரத்தில் வீடியோக்காரருக்கு வேலை இல்லை. சும்மா இருப்பானேன் என்று பந்தியை எடுக்கக் கீழே போயிருக்கிறார். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது இலை போட்டிருக்கிறது. உட்கார்ந்திருப்பவர் ஒருவர். சேகர் மாமா. மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் அவர் அப்பளத்தை உடைக்கும் சத்தம் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. பிறகு அவர் குரல்: "தம்பி, உருளக்கெழங்கு இன்னொரு கரண்டி." சற்று நேரத்தில் மேலே "யக்கா" என்று ஒரு கத்தல். மாமா நிமிர்ந்து பார்க்கிறார். பிறகு உருளைக்கிழங்கை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.

வரும் மாதம் விழுப்புரத்தில் மோனியின் மகளுக்குக் காதுகுத்து. எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லாததால் தாய்மாமன் இடத்தில் சேகர் மாமாதான் உட்காருகிறார். குழந்தை அவர் மடியில் இருக்கும். ஆசாரி காதைத் தொட்டபின் மடியை விட்டு எழுந்து பந்திக்கு ஓட முடியாது. எதிரே என் திரை இருக்கும், மரம் இருக்கும், வீடியோவும் தயாராக இருக்கும். நான் மைக்கை நீட்டுவேன்.

மாமா, அந்தக் கழித்தல் குறியை நான் எடுத்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? என் ஃபாரத்தைக் கிழித்தீர்களா, கை துடைத்தீர்களா? சனம் முழுக்க இருக்கும், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மைக்கில் சொல்லுங்கள். உங்கள் பஸ் குரலில் சொல்லுங்கள். முணுமுணுத்தால் இலை கொட்டும்.